இடது அரிசி

"என் பேரைச் சொல்ல உனக்கு எதுக்குப் பிள்ள இவ்வளவு நேரம் ஆவுது?"

மயிலேறும்பெருமாள் இதைக் கோபத்தில் கேட்கவில்லை. கல்யாண வரவேற்புக்குப் போய்விட்டு வந்து, சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டபடி, நாளைக்குத் தண்ணீர் வருமா என்று விசாரிக்கிற குரலில்தான் கேட்டார். கோபத்தில் கேட்டிருந்தால் அவர் மனைவி பிரமு என்கிற பிரமநாயகியும் பதிலுக்கு ஒன்றைச் சொல்லிச் சரிக்கட்டியிருப்பாள். இந்தக் குரலுக்கு ஒரு சாக்குத்தான் தேட முடிந்தது.

நடந்தது இதுதான். வரவேற்பில் அவளுடைய அலுவலக இயக்குநர் எதிரே வந்தார். வீட்டுக்காரரை அறிமுகப்படுத்தவே இல்லையே என்று கையை நீட்டினார். பிரமு வாயைத் திறந்தாள். "இவிய எங்க வீட்டுக்காரரு..." அதற்கு மேல் பெயர் வரவில்லை. நீட்டிய கை நீட்டியபடி நிற்க, திறந்த வாய் திறந்தபடி நிற்க, ஒரு ஈ உள்ளே போய் ஊர் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும் அளவுக்கு நேரம் போனது. கடைசியில் பெயர் வந்தபோது இயக்குநர் ஐஸ்கிரீம் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

"உங்க பேரு நீளம்லா அத்தான். மயிலு ஏறி, பெருமாளு எறங்கி வரணும்லா."

"உங்க கேண்டீன்காரர் பேரு சிவசுப்பிரமணிய சங்கரநாராயணன். அதை மூச்சு விடாமச் சொன்னியே."

சொல்லிவிட்டு அவர் முகம் கழுவப் போய்விட்டார்.

பிரமுவுக்கு இது லேசான கேள்வி இல்லை. ஊரிலுள்ள அத்தனை பேருடைய ஞாபகத்தையும் பார்த்துக்கொள்வதற்குத்தான் அவள் சம்பளம் வாங்கினாள்.

மறதிக் காய்ச்சல் என்று ஒன்று வந்து போன பிறகு, சொந்த மூளையை மட்டும் நம்பி யாரும் பிழைக்க முடியாமல் போயிற்று. வலது காதுக்குப் பின்னால் ஒன்று, இடது காதுக்குப் பின்னால் ஒன்று என்று அரிசி அளவில் இரண்டு சில்லுகள் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அரசாங்கம் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்தது. திருநெல்வேலியில் அதற்குப் பெயர் அரிசி. காது குத்துகிற அன்றைக்கே, தாய்மாமன் மடியில் உட்கார வைத்துப் பிள்ளைக்கு அரிசியும் வைத்துவிடுவார்கள்.

ஒவ்வொரு அரிசியிலும் யோசிக்கிற பகுதி ஒன்று, ஞாபகத்தைச் சேர்த்து வைக்கிற கிட்டங்கி ஒன்று. தன் கிட்டங்கியில் இருப்பதை எடுக்கக் கண்ணிமைக்கும் நேரம் போதும். அடுத்த காதின் கிட்டங்கியில் இருந்தால் அது மண்டையைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். எந்த ஞாபகத்தை எங்கே வைப்பது என்று தீர்மானிப்பது கெர்னல். எல்லாவற்றுக்கும் அடியில் உட்கார்ந்திருக்கிற நிரல் அது. கல்யாண வீட்டில் உக்கிராண அறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறவர் மாதிரி. புளி எந்தப் பானையில், பருப்பு எந்த மூட்டையில் என்று பந்தியில் இருக்கிறவன் கேட்கக் கூடாது. இலையில் விழுகிறதா, சாப்பிடு. வண்ணார்பேட்டையில் இருந்த ஞாபகப் பராமரிப்பு வாரியத்தில் ஆரம்பத்திலிருந்தே இதுதான் சட்டம்.

அந்தச் சட்டத்தைத்தான் பிரமு மாற்றச் சொன்னாள். எது எங்கே இருக்கிறது என்பதை அரிசிக்குச் சொந்தக்காரர் பார்க்கட்டும், வேண்டுமானால் தானே இடம் மாற்றியும் வைக்கட்டும் என்றாள். தன் ஞாபகம் எங்கே குடியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒருவருக்கு உரிமை இல்லையா என்று கூட்டத்தில் உருக்கமாகப் பேசினாள். தன் வீட்டுக்காரர் கேட்ட கேள்வியைப் பற்றி மட்டும் பேசவில்லை.

எதிர்த்தவள் ஜெசிந்தா ஒருத்திதான். பிரமுவோடு பாளையங்கோட்டையில் ஒரே பெஞ்சில் படித்தவள், அரிசிக்குள் ஓடும் தடங்களை வரைகிறவள், வாயில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள்.

"ஏட்டி, விருந்தாளியக் கூட்டிட்டுப் போயி உக்கிராணத்தக் காட்டுனா என்ன ஆவும்? சாப்பிடவா செய்வான்? பருப்புல வண்டு இருக்கான்னு கிண்டிட்டு நிப்பான்."

ஆனால் பொங்கலுக்குள் புதிதாக ஏதாவது காட்டச் சொல்லிச் சென்னைத் தலைமையகம் நெருக்கிக்கொண்டிருந்தது. அதனால் இயக்குநருக்கு மக்கள் உரிமை பிடித்துப் போயிற்று.

பிரமு உட்கார்ந்து எழுதினாள். ஒவ்வொரு ஞாபகத்தையும் கூப்பிட வேண்டியது, அது வந்து சேர எவ்வளவு நேரம் என்று அளக்க வேண்டியது. சட்டென்று வந்தால் பக்கம், பச்சை நிறம். தாமதித்து வந்தால் தூரம், சாம்பல் நிறம். வலது காதுக்குப் பின்னால் இரண்டு தட்டுத் தட்டினால் வரைபடம் கண் முன்னால் விரியும். தட்டிப் பிடித்துக்கொண்டால் வேண்டியதைப் பச்சைக்கு இழுத்து, கெர்னல் எழுப்ப முடியாதபடி உட்கார வைக்கலாம். இதில் என்ன பிசகு வந்துவிடப் போகிறது?

சோதனைக்கு முதலில் தன்னுடைய வரைபடத்தை விரித்தாள். பச்சையில் புதன்கிழமை உளுந்தவடை இருந்தது. இயக்குநரின் மகன் கணக்கில் வாங்கிய மதிப்பெண் இருந்தது. சாயங்காலத் தொடரில் மாமியாருக்கு விஷம் வைக்கப் பார்க்கிற அபரஞ்சி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். மயிலேறும்பெருமாள் மூட்டை முடிச்சோடு சாம்பலில் கிடந்தார்.

வரைபடத்தை ஊருக்குத் திறந்துவிட்ட அன்று அவர், "நானும் பாக்கலாமா?" என்றார். மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் தேடினாள். அது எந்தக் காதில் இருந்ததோ, வந்து சேரவில்லை. சுவரில் விரித்துக் காட்டினாள். அவர் பச்சையை முழுக்கப் படித்தார். பிறகு சாம்பலைப் படித்தார்.

"அபரஞ்சி பக்கத்துல இருக்கா."

"அத்தான், அது வந்து..."

"நல்லா நடிக்கா," என்றார். தட்டை எடுத்துப் போய்க் கழுவி வைத்தார். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் வாசல் கேட் கிறீச்சிட்டது. அந்த இரும்புக் கேட்டைச் சாத்தும்போது ஒரு விரற்கடை தூக்கிச் சாத்த வேண்டும். இல்லாவிட்டால் தெருவையே எழுப்பும். பிரமுவுக்குப் பல் கூசும். கல்யாணமான நாளிலிருந்து மயிலேறும்பெருமாள் அதைத் தூக்கித்தான் சாத்துவார். லிஃப்ட் பழுதுபார்க்கிற மனுஷர். அழைப்பு வந்தால் பையை எடுத்துக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடுவார். அடுப்படியில் நிற்கிற அவளுக்கு, அவர் போய்விட்டது எப்படியோ தெரிந்துவிடும். இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் கேட் கத்துகிறது. கோபம்தான் என்று அவள் முடிவு செய்துகொண்டாள்.

கேட் மட்டும் இல்லை, மனுஷரும் சத்தம் போட ஆரம்பித்தார். வீட்டுப்படியில் ஒரு "போயிட்டு வாரேன் பிரமு", கேட்டில் ஒரு "அப்ப நான் வாரேன்", தெருமுனையிலிருந்து ஒரு போன். மூன்றாவது மாடியில் நிற்கிறேன் என்று ஒரு போன். நான்காவது மாடிக்கு வந்துவிட்டேன் என்று ஒரு போன். மத்தியானம் கூட்டு நன்றாக இருந்தது என்று ஒன்று. "சும்மாதான் கூப்பிட்டேன்" என்று எல்லாவற்றையும் முடிப்பார்.

"உன் வீட்டுக்காரரு எண்ணிக்கைய ஏத்துதாரு," என்றாள் ஜெசிந்தா. அடிக்கடி நினைக்க வைத்தால் கெர்னலே பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிடும் என்று ஊரில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அதனால் எல்லாரும் எல்லாரையும் சும்மாதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பச்சைக்கு இழுத்து உட்கார வைப்பதற்குத் 'துண்டு போடுவது' என்று பெயர் வந்தது. பாபநாசம் பஸ் ஜங்ஷனுக்குள் திரும்பும்போதே ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து இடம் பிடித்துப் பழகிய ஊருக்கு யாரும் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கல்யாணத்துக்கு அழைக்க வருகிறவர்கள் வெற்றிலை பாக்கோடு வரைபடத்தையும் காட்ட வேண்டும் என்றானது. முதல் துண்டு தாய்மாமனுக்கு. அவர் மடியில் உட்கார்ந்துதானே அரிசி வைத்துக்கொண்டது? பெரிய மாமனுக்கு முன்னால் சின்ன மாமனுக்குத் துண்டு விழுந்துவிட்டதென்று தச்சநல்லூரில் ஒரு நிச்சயதார்த்தமே நின்றது. பெரிய மாமன் தாம்பூலத் தட்டைத் தள்ளிவிட்டுப் போனார், மாப்பிள்ளை வீட்டார் பின்னாலேயே போனார்கள். அந்தப் பெண், லலிதாங்கி என்று பெயர், வாரியத்துக்கே வந்து பிரமுவின் எதிரில் உட்கார்ந்தாள். இரண்டு மாமன்களையும் ஒரே இடத்தில் ஒருவர் மேல் ஒருவராக உட்கார வைக்க வழி இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்று சொல்லும்போது பிரமுவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பச்சை என்பது சின்ன இடம். மாமன், மச்சான், சம்பந்தி, சம்பந்திக்குச் சம்பந்தி என்று துண்டு விழ விழ, வாயில் வர வேண்டிய மற்றதெல்லாம் வெளியே தள்ளப்பட்டது. கண்டக்டர்கள் அடுத்த நிறுத்தத்தின் பெயர் வராமல் விசிலை வாயில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்கள். ஒரு கவுன்சிலர் தன் கட்சியின் பெயர் வராமல் கூட்டம் முழுக்க 'நம்ம கட்சி, நம்ம கட்சி' என்றே பேசி, உள்ளத்திலிருந்து பேசுகிறார் என்று பெயர் வாங்கினார். வீடுகளில் பால் பொங்கி வழிந்தது, தட்டு உடைந்தது, கணவனும் மனைவியும் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டார்கள். கால் மிதிபடுவது ஞாபகப் பிரச்சினை அல்ல என்று வாரியம் அந்தப் புகார்களை மட்டும் சுகாதாரத் துறைக்குத் தள்ளிவிட்டது.

இந்த அமளியில் ஒரு சாயங்காலம், மயிலேறும்பெருமாள் பேச்சோடு பேச்சாக மஸ்கட் விஷயத்தைச் சொன்னார். ஆகாயத்தை முட்டுகிற கட்டடம், ஏகப்பட்ட லிஃப்ட், இரண்டு வருஷ ஒப்பந்தம். முன்பே கூப்பிட்டு, வீட்டை விட்டு வர முடியாது என்று அவரே மறுத்த இடம்தான். திங்கட்கிழமை காலையில் பதில் கேட்டு மறுபடியும் போன் செய்வார்களாம்.

"இந்தத் தடவை போவலாம்னு பாக்கேன்."

ஏன் என்று கேட்டாள்.

"தூரமா இருக்கவன் நிசமாவே தூரமா இருந்துட்டா, சம்பளமாவது வரும்லா," என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. அப்போதே காதுக்குப் பின்னால் தட்டிப் பிடித்து, அபரஞ்சியை எழுப்பி விரட்டிவிட்டு அவருக்குத் துண்டைப் போட்டாள். போட்ட மாத்திரத்தில் பெயர் நுனிநாக்குக்கு வந்தது. "மயிலேறும்பெருமாள்" என்று அடுப்படியிலிருந்தே சத்தமாகச் சொன்னாள். அவர் கூடத்திலிருந்து எட்டிப் பார்த்து, "இந்தா இருக்கேன்" என்றார். முகத்தில் கொஞ்சம் வெளிச்சம்.

அந்த வெளிச்சம் மறுநாள் காபி வரைக்கும்தான் இருந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைப் பார்த்தார். கல்யாணமான மறுநாளிலிருந்து அவருக்குச் சீனி இல்லாத காபி. அவள் இரண்டு கரண்டி போட்டிருந்தாள். அடுப்படி வாசலில் இருவரும் முட்டிக்கொண்டார்கள். இவள் இடப்பக்கம் ஒதுங்க அவரும் அதே பக்கம் வந்தார், வலப்பக்கம் ஒதுங்க அங்கேயும் வந்தார், ஒற்றைப் பாலத்தில் மாட்டிக்கொண்ட ஆடுகள் மாதிரி. அவருடைய பைக் தெருமுனையில் திரும்பும்போதே கதவைத் திறந்துவிடுகிறவள், அவர் மணியடித்து மணியடித்துச் சலித்த பிறகு போய்த் திறந்தாள். அவள் வாயில் அவர் பெயர் தயாராக இருந்தது. ஆள் வீட்டுக்குள் எந்தப் பக்கம் இருக்கிறார் என்றுதான் தெரியவில்லை.

சனிக்கிழமை கேண்டீனில் இதை ஜெசிந்தாவிடம் சொன்னாள். புருஷன் காபியில் சீனி விழுந்த கதைக்கு ஜெசிந்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பாதிச் சிரிப்பில் நிறுத்தினாள். கையிலிருந்த வடையைக் கீழே வைத்தாள். அவள் வடையைக் கீழே வைத்துப் பிரமு பார்த்ததில்லை.

"ஏட்டி. நீ நேரம் அளந்தியே, அப்ப ஞாபகத்தக் கூப்பிட்டது எது?"

"நான் எழுதின நிரல்தான்."

"அது எங்கன ஓடிச்சு?"

"கேள்வி கேக்கது எல்லாம் வலது அரிசியிலதான ஓடும். பேச்சு அங்கனதான..." பிரமுவின் வாய் திறந்தபடி நின்றது. இந்தத் தடவை ஈ எதுவும் வரவில்லை.

"அப்ப இடது அரிசி எதுக்கு இருக்கு? கம்மலுக்குத் துணைக்கா?"

இடது அரிசி பேசாது. கையும் காலும் அதன் பொறுப்பு. எழுந்திருக்கிறது, நடக்கிறது, கலக்குகிறது, விலகி வழிவிடுகிறது எல்லாம் அதனுடைய வேலை. வாரியத்தில் சேருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம். அதற்கும் ஒரு பக்கம், தூரம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அது வாய் திறந்து கேட்டால்தானே தோன்றும்?

"ஜங்ஷன்ல நின்னு அளந்துட்டு, குத்தாலம் தூரம்னு எழுதி ஊரெல்லாம் ஒட்டிட்ட," என்றாள் ஜெசிந்தா. "தென்காசிக்காரன் தலையில எண்ணெய வச்சிக்கிட்டு சைக்கிள்ல போறான் குளிக்க. தூரம்னு போட்டியே, யாருக்குத் தூரம்னு போட்டியா?"

பிரமு அங்கேயே கண்ணை மூடிக்கொண்டாள். சாம்பலில் கிடந்தவர் உண்மையில் தூரத்தில் கிடக்கவில்லை. இடது காதில், கைகால்களுக்குப் பக்கத்தில், சௌகரியமாக இருந்திருக்கிறார். இவள்தான் துண்டு போட்டு அவரை அங்கிருந்து கிளப்பிப் பேச்சு இருக்கிற பக்கம் கொண்டுவந்து வைத்துவிட்டாள். இப்போது அவருக்கு ஒரு காபி கலக்க, இவள் கை மண்டையைச் சுற்றிப் போய்க் கேட்டுவிட்டு வர வேண்டியிருக்கிறது. ஊரில் கால் மிதிபடுகிற வீடுகளிலெல்லாம் இதுதான் நடந்திருக்கிறது.

இயக்குநர் விஷயத்தைக் கேட்டதும் வரைபடத்தை ஒரேயடியாக மூடிவிடலாம் என்றார். மூடினால் எல்லாரும் பார்த்த பாதியே உண்மையாக நின்றுவிடும், மற்றப் பாதியையும் காட்டத்தான் வேண்டும் என்று பிரமு பிடிவாதமாக நின்றாள். இந்தத் தடவை உருக்கமாகப் பேசவில்லை, அதனால் அவர் கேட்டுக்கொண்டார். அன்றைக்கே, நேரம் அளக்கிற அதே நிரலை இடது அரிசியில் ஓடவிட்டாள். அதற்குப் பேச்சு புரியாது என்பதால் கேள்விகளை விரல் அசைவாக மாற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது.

முதலில் லலிதாங்கியைக் கூப்பிட்டுச் சோதித்தார்கள். அவள் இடது வரைபடத்தில் பெரிய மாமனும் இல்லை, சின்ன மாமனும் இல்லை. அவளுடைய தையல் மிஷின் இருந்தது, எதிர்வீட்டு நாய் இருந்தது. மாப்பிள்ளை எந்தக் காதிலும் இல்லை. அவள் மூச்சு முட்டச் சிரித்துவிட்டு, நின்றதே நல்லது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பிரமு இரண்டு வரைபடங்களையும் சுவரில் விரித்து மயிலேறும்பெருமாளை முன்னால் உட்கார வைத்தாள். அவர் பார்க்கவே காதுக்குப் பின்னால் தட்டி, அவருக்குப் போட்ட துண்டைப் பிடித்து எடுத்துவிட்டாள். எடுத்ததும் அவர் பழைய இடத்துக்கே போனார், இடது வரைபடம் முழுக்கப் பச்சை. சீனி இல்லாத காபி. பைக் தெருமுனையில் திரும்பும்போது இருமுகிற இருமல். நிலைப்படிக்குக் குனிகிற உயரம். தூக்கத்தில் போர்வையை இழுக்கிற பக்கம். அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். கடைசி வரை போய்விட்டு மேலே திரும்பி வந்தார்.

"பேரே இல்லையே," என்றார்.

"அந்தக் காதுக்குப் பேசத் தெரியாது அத்தான்."

எங்கே அளந்தாள், எங்கே தப்பினாள், துண்டு போட்டதால் என்ன ஆயிற்று என்பதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் "சரி" என்றார். மஸ்கட் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கும் கேட்கத் தைரியம் வரவில்லை.

திங்கட்கிழமை காலையில் அவள் காபி கலந்து கொடுத்தாள். சீனி போட்டாளா என்று அவளுக்கே தெரியாது. அவர் குடித்தார், டம்ளரைப் பார்க்கவில்லை. தோசை பாதியில் இருக்கும்போது மஸ்கட்டிலிருந்து போன் வந்தது. அவர் அதைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு இடது கையால் கவிழ்த்து வைத்துவிட்டுச் சட்னிக்காகத் தட்டை நகர்த்தினார். தட்டு நகர்வதற்கு முன்பே அவள் கரண்டி அங்கே வந்திருந்தது. போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

"அத்தான்..." என்று ஆரம்பித்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் போலிருந்தது. அது மண்டையைச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

மயிலேறும்பெருமாள் கையைக் கழுவித் துடைத்துவிட்டு, வலது காதுக்குப் பின்னால் இரண்டு தட்டுத் தட்டினார். எதையோ பிடித்தார். விட்டார். நேற்று அவள் அவர் முன்னால் துண்டை எடுத்தபோது செய்ததும் அதே செய்கைதான்.

பிரமு தோசைக் கரண்டியோடு நின்றாள். அவருடைய வரைபடத்தை அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. தன் சாம்பலைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்ததில், அவர் காதில் தனக்கு எப்போது துண்டு விழுந்தது என்று யோசிக்கவே இல்லை. திறந்துவிட்ட அன்றைக்கே விழுந்திருக்க வேண்டும். மறுநாள்தானே அவர் கைக்கு அவள் பல் கூசுவது மறந்து கேட் கிறீச்சிட்டது? மறுநாள்தானே மாடிக்கு மாடி போன் வர ஆரம்பித்தது?

அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். வாசலில் செருப்பைப் போட்டார். போயிட்டு வாரேன் என்று சொல்லவில்லை. கேட்டை ஒரு விரற்கடை தூக்கி, சத்தமே இல்லாமல் சாத்திவிட்டுப் போனார்.